ஸ்டேஷனில் நிற்கும் ஸ்கூட்டர்

கேள்வி: எனக்கு வயது 64. கானாடுகாத்தானில் எங்கள் வளவை (பூர்வீக வீட்டை) பார்த்துக்கொள்ளும் பையன் (22 வயது) என் ஸ்கூட்டரில் காரைக்குடிக்குக் காய்கறி வாங்கப் போனான். வழியில் போலீஸ் மறித்திருக்கிறார்கள். அவனுக்கு லைசென்ஸ் இல்லை, வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிந்து நாலு மாதம். வண்டியை ஸ்டேஷனுக்கு எடுத்துப் போய்விட்டார்கள், கையில் ஒரு சீட்டுகூடக் கொடுக்கவில்லை. அப்படி எடுக்கலாமா? கலிபோர்னியாவில் இருக்கும் என் மகன் ‘30 நாள் வைத்திருப்பார்கள்’ என்று பயமுறுத்துகிறான்.

பதில்: எடுக்கலாம் ஆச்சி. ஆனால் எதற்காக எடுக்கலாம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 207-வது பிரிவு நாலு காரணம் சொல்கிறது: லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது, வயது வராமல் ஓட்டுவது, பதிவு இல்லாத வண்டி, பெர்மிட் வேண்டிய வண்டிக்குப் பெர்மிட் இல்லாதது. இன்சூரன்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை! அதற்கு 196-வது பிரிவில் 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், அவ்வளவுதான். ஆக, உங்கள் வண்டி போனது பையனிடம் லைசென்ஸ் இல்லாததால். அதிலும் வண்டிக்குப் பதிலாக ஆர்.சி.யை (பதிவுச் சான்றிதழை) மட்டும் வாங்கிக்கொண்டு அத்தாட்சிச் சீட்டு கொடுக்கவும் அதே பிரிவில் இடம் இருக்கிறது. அது அதிகாரியின் விருப்பம். வண்டியே போயிருக்கும்போது சீட்டு தராமல் அனுப்பியது சரியில்லை, போய்க் கேளுங்கள்.

உங்கள் மகன் சொல்லும் 30 நாள் அந்த ஊர்ச் சட்டம். இங்கே அப்படி நாள்கணக்கு கிடையாது, காகிதங்களைக் காட்டி விடுவிக்கச் சொல்லி மனுக் கொடுக்கலாம். ஆர்.சி., ஆதார், அப்புறம் இன்றைக்கே ஆன்லைனில் ஒரு தேர்டு பார்ட்டி பாலிசி, அதாவது வண்டியால் மற்றவருக்கு வரும் சேதத்துக்கான இன்சூரன்ஸ், போட்டு அதையும் எடுத்துக்கொள்ளுங்கள் (அன்றைய தப்பை அது அழிக்காது, வண்டியைத் திரும்ப ரோட்டில் ஓட்ட வேண்டுமே!). டிஜிலாக்கரில் இருப்பதைக் காட்டினாலும் செல்லும். கூடவே லைசென்ஸ் உள்ள ஒருவரைக் கூட்டிப் போங்கள். அதே பையனை ஓட்டிவரச் சொன்னால் வாசலிலேயே இரண்டாவது கேஸ்.

செலவைக் கேட்டால் கோபம் வரும். ஓட்டியவனுக்கு 5,000, இன்சூரன்ஸுக்கு 2,000. சாவியைக் கொடுத்த நீங்களும் 180-வது பிரிவில் மாட்டுவீர்கள், அதற்கும் 5,000. ‘அவனாகவே எடுத்துப் போனான்’ என்பது நிஜமென்றால் சொல்லுங்கள், இல்லையென்றால் வேண்டாம். மாடத்தில் சாவியை மாட்டி வைக்கும் பழக்கம் ஊருக்கே தெரியும்.

சீக்கிரம் போங்கள். என் வண்டி ஒருமுறை ஸ்டேஷன் வேப்ப மரத்தடியில் பதினோரு நாள் நின்றது. இருக்கையில் காக்கை எச்சம், டேங்கில் பெட்ரோல் வாசனை மட்டும் மிச்சம். எடுக்கும்போது மீட்டரையும் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நல்லவேளை, யார் மீதும் மோதவில்லை. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி மோதி ஆள் அடிபட்டிருந்தால் நஷ்டஈட்டுக்கு ஈடு காட்டாமல் வண்டி வராது, ஏலம் வரைக்கும்கூடப் போகும்.

கேள்வி: புது பைக் வாங்கி மூன்று வருஷம். முதல் வருஷத்தோடு பாலிசியைப் புதுப்பிக்கவில்லை. தேவகோட்டை ரோட்டில் சோதனை என்றாலே சந்து வழியாகப் போகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: சந்து வழியை விட்டு வெளியே வாருங்கள். 2018 செப்டம்பர் 1 முதல் புது டூவீலருக்கு ஐந்து வருஷ தேர்டு பார்ட்டி கட்டாயம், ஷோரூமிலேயே பணம் வாங்கியிருப்பார்கள். ஒரு வருஷத்தில் முடிந்தது உங்கள் வண்டியின் சேதத்துக்கான பகுதியாக இருக்கும், அது உங்கள் விருப்பம். பாலிசி தாளில் இரண்டு தேதி இருக்கும், தேர்டு பார்ட்டிக்கு நேரே உள்ளதைப் பாருங்கள்.