குறள் நடுவே நின்றுபோகும் குரல்

கேள்வி: நான் மொரீசியஸ், ரோஸ் ஹில்லில் தமிழ் ஆசிரியை. மூளை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்லித்தர விரும்புகிறேன். ஆனால் என் 9 வயது மகளுக்கே மறதி. வாய்ப்பாடு நிற்பதில்லை, தண்ணீர்ப் போத்தலைப் பள்ளியில் விட்டுவிடுகிறாள். குறள் சொல்லும்போது பாதிச் சொல்லில் நின்று, இமை துடித்து, பிறகு தொடர்கிறாள். மூளைக்கட்டியோ என்று இணையத்தில் படித்துவிட்டுப் பயமாக இருக்கிறது. நினைவாற்றல் சிரப் கொடுத்துவருகிறேன்.

பதில்: சிரப்பை இன்றே நிறுத்துங்கள் அம்மா. அதனால் எந்தக் குழந்தைக்கும் வாய்ப்பாடு வந்ததில்லை. போத்தலை மறப்பது அந்த வயதின் இயல்பு. கட்டி என்றால் காலைத் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் என ஏதாவது பெரும்பாலும் கூடவே வரும். உங்கள் கடிதத்தில் அவை இல்லை. இணையத்தில் நோய் தேடுவதை விடுங்கள்.

பாதிச் சொல்லில் நிற்பதுதான் எனக்கு முக்கியம். அடுத்த முறை நின்றால் பெயர் சொல்லி அழைத்துத் தோளைத் தொடுங்கள். பகற்கனவு என்றால் உடனே திரும்பிப் பார்ப்பாள். தொட்டும் அசைவில்லாமல், ஐந்து பத்து விநாடி வெறித்துவிட்டு, நின்றதே தெரியாமல் தொடர்ந்தால் அது 'ஆப்சென்ஸ்' வலிப்பாக இருக்கலாம். கை கால் இழுக்காது, கீழே விழமாட்டாள். அதனால்தான் வீட்டிலும் வகுப்பிலும் கவனக்குறைவு என்று திட்டு வாங்குகிறார்கள் இந்தக் குழந்தைகள். ஒரே நாளில் பல முறை வரக்கூடும். அந்த விநாடிகளில் சொன்னது மூளையில் பதிவதே இல்லை. பதியாததை அவள் எப்படி நினைவுகூர்வாள்?

அவள் அப்படி நிற்பதைக் கைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் இந்த வாரமே போங்கள். அரசு மருத்துவமனையில் செலவில்லை. மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. பரிசோதனை வலிக்காது. வலிப்பு என்று உறுதியானாலும் பெரும்பாலான குழந்தைகளுக்கு மாத்திரையில் கட்டுப்படும். பலருக்குப் பதின்ம வயதில் தானே நின்றுவிடும். அவளுடைய அறிவு மங்குகிறது என்று அழாதீர்கள்.

உங்கள் வகுப்புக்கு ஒன்று சொல்கிறேன். ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்துக்கொண்டு, 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். முதல் சில மணி நேரத்தில்தான் மறதி மிக வேகம், பிறகு மெதுவாகிறது என்று கண்டார். வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைக்குப் பொருள் தெரியாத குறளும் அப்படிப்பட்ட அசைகள்தான். ஏழு சீரும் ஏழு தனிச் சுமை. முதலில் பொருளைக் கிரியோலில் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தை மூடச் சொல்லிக் கேளுங்கள். மறுநாள் கேளுங்கள், அடுத்த வாரமும் கேளுங்கள். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, பார்க்காமல் சொல்லிப்பார்ப்பதே நீண்ட நாள் நிற்கும். டியூஷன் எத்தனை இருந்தாலும் இரவுத் தூக்கத்தில் கைவைக்காதீர்கள். படித்தது உறுதிப்படுவது அப்போதுதான்.

மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை மகளைக் கடலில் தனியாக இறக்காதீர்கள். கையெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். குளியலறைக் கதவையும் உள்ளே தாழிட வேண்டாம்.