யோபுவின் மருத்துவர்

அன்புள்ள ஐயா,

போன மாதம் பழைய புத்தகக் கடையில் ஜோசப் ரோத்தின் ‘யோபு’ (பைபிளில் எல்லாவற்றையும் இழந்து தவிப்பவரின் பெயர்) நாவல் ஆங்கிலத்தில் கிடைத்தது. அவர் பெயரையே அதற்கு முன் கேட்டதில்லை. ஒரே இரவில் முடித்துவிட்டேன். ரஷ்யச் சிற்றூரில் சிறுவர்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் யூதர் மெண்டல் சிங்கரின் குடும்பம் அமெரிக்கா போய்ச் சிதைவதைப் படித்து அழுதேன். ஆனால் அந்த முடிவு? வலிப்போடு, பேச்சும் வராமல் கிடந்ததால் ஊரிலேயே விட்டுவிட்டு வந்த கடைசிப் பிள்ளை மெனுகிம், பெரிய இசைக்கலைஞனாகி நியூயார்க்கில் அப்பா முன்னால் வந்து நிற்பது நம் சினிமா கிளைமாக்ஸ் போல இருந்தது. இவ்வளவு பெரிய எழுத்தாளருக்கு இந்த அற்புதம் எதற்கு? ‘அமெரிக்கன் பாஸ்டரல்’ எழுதியவரும் இவர்தானே? அடுத்து இவருடைய எதைப் படிக்கலாம்?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

இல்லை, அவர் பிலிப் ராத். 1933 மார்ச்சில் அமெரிக்காவின் நியூவார்க்கில் பிறந்தவர். அதே ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி, ஹிட்லர் பதவியேற்ற அன்றே, உங்கள் ஜோசப் ரோத் பெர்லினில் ரயிலேறி ஜெர்மனியை விட்டுப் போய்விட்டார். பிறகு திரும்பவே இல்லை. புத்தக அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருந்தாலே இது தெரிந்திருக்கும்.

அழுததாக எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். அழத் தெரிந்தவருக்குத்தான் இந்த நாவல். ஆனால் ஒரே இரவில் படித்ததைப் பெருமையாகச் சொல்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நானும் கொஞ்ச நாளாக இந்த நாவலைத்தான் மறுபடி புரட்டிக்கொண்டிருக்கிறேன், ஒரு மருத்துவருக்காக. உங்கள் கடிதத்தில் அவர் இல்லவே இல்லை.

தொடக்கத்திலேயே வருகிறாரே! அம்மை குத்த ஊருக்கு வரும் மருத்துவர், குழந்தை மெனுகிமைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இவனுக்கு வலிப்பு வரும், ஆனால் கண்ணில் உயிர் இருக்கிறது, ஒருவேளை குணமாக்கலாம் என்கிறார். பணம் வேண்டாம். தாய் டெபோரா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பத் தயார். மெண்டல்தான் தடுக்கிறார். ரஷ்யப் பிள்ளைகளோடு வளர்வதா? யூதருக்கு ஆகாதபடி பாலையும் இறைச்சியையும் சேர்த்துத் தின்பதா? இலவசம் என்பதற்காகப் பிள்ளையின் ஆன்மாவை விற்க முடியாது என்கிறார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. அதன் பிறகுதான் டெபோரா யூத மதகுருவான ரப்பியிடம் ஓடுகிறாள். பிள்ளை தேறுவான், அவனைக் கைவிட்டுவிடாதே என்று ரப்பி வாக்குச் சொல்கிறார்.

இப்போது கடைசிப் பக்கங்களைத் திறந்து பாருங்கள். மெனுகிம் எப்படித் தேறினான்? வானத்திலிருந்து யாரும் இறங்கி வரவில்லை. தீ விபத்து ஒன்றின் அதிர்ச்சியில் வாய் திறக்கிறது. பிறகு பீட்டர்ஸ்பர்க்கில், மருத்துவர்கள் கையில் தேறுகிறான். எதை மெண்டல் வேண்டாம் என்றாரோ அதே ரஷ்ய மருத்துவம்! நீங்கள் அற்புதம் என்கிறீர்கள். நான் அதைத் தள்ளிப்போட்ட சிகிச்சை என்கிறேன். மருத்துவர் சொன்னதையும் கேட்கவில்லை, ரப்பி சொன்னதையும் கேட்கவில்லை, அந்தக் குடும்பம். மகள் மிரியம் ரஷ்யக் குதிரைப்படைக்காரர்களான கொசாக்குகளோடு சுற்றுவதைப் பார்த்துப் பயந்து மூட்டை கட்டுகிறார்கள், மெனுகிமை மட்டும் விட்டுவிட்டு. இவர்கள் போனதால்தான் அவன் பிழைத்தானோ? ரோத் வாயைத் திறப்பதில்லை. யூதர்களின் பஸ்கா பண்டிகை இரவில் பிள்ளை வந்து கதவைத் தட்டும்போது மெண்டலுக்கு மிஞ்சியது என்ன? ஒரு மகன் போரில் செத்தாயிற்று, இன்னொருவன் என்ன ஆனான் என்று தெரியாது, மனைவியும் இறந்துவிட்டாள், மகள் மனநல விடுதியில். நம் சினிமாவில் எந்த கிளைமாக்ஸ் ஐயா இப்படி முடிகிறது?

எங்கள் பெரியம்மா வீட்டிலும் ஒருவன் இருந்தான். எனக்கு அண்ணன் முறை. பேச மாட்டான், எச்சில் ஒழுகும், வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். கல்யாணம் காட்சி என்றால் பின்கட்டு அறையில் போட்டுத் தாழ்ப்பாள். பள்ளிக்கூடத்துக்குச் சோதனைக்கு வந்த டாக்டரம்மா ஒருவர் பெரியம்மாவைத் தேடி வந்து, மாத்திரையிலேயே வலிப்பை அடக்கிவிடலாம், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். சனிப்பெயர்ச்சி முடியட்டும் என்றார் பெரியப்பா. பெயர்ச்சி முடிந்தது, அடுத்ததும் வந்தது. பெரியப்பா கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். ராத்திரி முழுக்க அவனை நெஞ்சில் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். மெண்டலும் அப்படித்தானே? தனியாக இருக்கும்போது தேநீர்க் கண்ணாடித் தம்ளரைக் கரண்டியால் தட்டுகிறார். மெனுகிம் சட்டென்று தலையைத் திருப்புகிறான், கண் மின்னுகிறது. பாசத்தில் தட்டிய தட்டுதான். அந்தக் காது பின்னால் என்ன ஆகப்போகிறது என்பது அப்போதே அந்தத் தம்ளரில் இருக்கிறது. அப்பாவுக்கு மட்டும் அது எட்டவில்லை. வேத வாசகத்தைப் பிள்ளை வாயிலிருந்து வரவழைக்கத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறார்.

நேசிப்பவர்கள்தான் சிகிச்சையை மறுக்கிறார்கள் என்பதை இவ்வளவு நிதானமாக எழுதியவர் வேறு யாரும் எனக்குத் தெரியவில்லை. அண்ணன்களும் அக்காவும் சேர்ந்து மெனுகிமை மழைநீர்ப் பீப்பாயில் தலைகீழாக அமுக்குவதை எல்லோரும் பேசுகிறார்கள். அது குழந்தைகளின் கொடூரம், பார்த்ததும் தெரிந்துவிடும். அப்பாவுடையது பக்தி உடுத்தி வருகிறது.

அதற்காக மருத்துவமனை என்றாலே கோயில் என்று நான் கும்பிடவில்லை. நாவல் வெளிவந்த 1930இல் ரோத்தின் மனைவி ஃப்ரீடல் மனநோயோடு விடுதி விடுதியாக மாறிக்கொண்டிருந்தார். அந்தச் செலவுக்காகவும் ரோத் எழுதித் தள்ளினார், குடித்தும் தீர்த்தார். 1939 மே மாதம் பாரிஸில் இறந்துபோனார். மறு ஆண்டு ஃப்ரீடலை ஆஸ்திரியாவில் லின்ஸ் பக்கம் ஹார்ட்ஹைம் மாளிகைக்குக் கொண்டுபோய் நாஜிகள் விஷவாயுவில் கொன்றார்கள். அங்கேயும் பொறுப்பில் இருந்தவர்கள் மருத்துவர்கள்தான். இது தெரிந்த பிறகு அந்தத் தொடக்கக் காட்சியை என்னால் லேசாகப் படிக்க முடிவதில்லை. மெண்டலின் பயத்திலும் ஏதோ இருந்திருக்கிறது என்று ஒரு மனம் சொல்கிறது. அந்த மனத்தோடு எனக்குச் சண்டை தீரவில்லை.

அடுத்து என்ன படிக்கலாம் என்றீர்கள். 1932இல் வந்த ‘ராடெட்ஸ்கி மார்ச்’. அதிலும் அப்பா-பிள்ளை கதைதான், ஒரு பேரரசே கூடச் சேர்ந்து சரிகிறது. அதையும் ஒரே இரவில் முடித்துவிட்டேன் என்று கடிதம் போட்டால் பதில் வராது.