போட்டியிலிருந்து மகள் விலகினால் பத்து லட்சம் கட்ட வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு படிக்கிறாள். தனியார் தொலைக்காட்சியில் குழந்தைகளுக்கான பாட்டுப் போட்டியில் மெகா ஆடிஷன் தாண்டி முதல் இருபதுக்குள் வந்துவிட்டாள். முதல் நாள் ஷூட்டிங்கில் அவளுக்கு மேக்கப் நடந்துகொண்டிருந்தபோது 23 பக்க ஆங்கில ஒப்பந்தத்தை நீட்டி, "எல்லாரும் போட்டாச்சு, நீங்க மட்டும்தான் பாக்கி" என்றார்கள். போட்டுவிட்டேன். ஊருக்கு வந்து தெரிந்த பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னபோதுதான் வயிற்றைக் கலக்கியது. நிகழ்ச்சி முடிந்தும் மூன்று வருடம் அவர்கள் அனுமதி இல்லாமல் எங்கும் பாடக் கூடாது. பாடிச் சம்பாதித்தால் முப்பது சதவீதம் அவர்களுக்கு. நடுவில் விலகினால் பத்து லட்சம். வழக்கு வந்தால் மும்பையில்தான். காலையில் ஒன்பது மணிக்குப் போனால் திரும்ப இரவு பன்னிரண்டு ஆகிறது. அரையாண்டுத் தேர்வு வேறு வருகிறது. என் கணவரின் சைக்கிள் கடையைப் படமெடுத்து, சோக இசை சேர்த்து புரோமோ போட்டார்கள். பள்ளியில் அவளைக் கிண்டல் செய்கிறார்கள். மாசி மாதம் எங்கள் ஊர்க் கோயில் கச்சேரியில் பாடலாமா? விலகலாமா? பரிசாக வீடு கிடைத்தால் அது யாருக்குச் சொந்தம்?
— வாசகி, தஞ்சை மாவட்டம்

பதில்: பத்து லட்சத்தை முதலில் மனதிலிருந்து இறக்கி வையுங்கள். உங்கள் மகளிடம் அவர்கள் ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாது. உங்களிடம் கேட்க முயலலாம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பெற்றோருக்குத் தூக்கம் போகிறது.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 11-இன்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தகுதியற்றவர். அப்படிச் செய்தால் அது தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-இல் மோஹரி பீபி வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்த்தது. இன்றுவரை நிலை அதுதான். "பெண்ணுக்காக அம்மா போட்டிருக்கிறாரே" என்று கம்பெனி வக்கீல் சொல்வார். இந்துக்களைப் பொறுத்தவரை, 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் பிரிவு 8 அதற்கும் வழி அடைக்கிறது. பிள்ளையின் நன்மைக்காகக் காப்பாளர் பல காரியங்களைச் செய்யலாம். ஆனால் பிள்ளையைத் தனிப்பட்ட வாக்குறுதியால் எந்த நிலையிலும் கட்டிப்போட முடியாது. "மூன்று வருடம் வேறெங்கும் பாட மாட்டாள்" என்பது அப்படிப்பட்ட வாக்குறுதிதான். அவளுக்கு 18 நிரம்பியதும் பழைய ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்து உயிரூட்டவும் முடியாது. அன்றைக்கு "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்று புதுத் தாள் ஏதாவது வந்தால் அவளே படித்துப் பார்த்து முடிவு செய்யட்டும்.

ஆனால் இதே சட்டம் மறுபக்கமும் வெட்டும், அதைப் பலர் சொல்வதில்லை. ராஜ் ராணி – பிரேம் அதீப் என்ற பம்பாய் உயர் நீதிமன்ற வழக்கு 1949-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. சிறுமி ஒருத்தியை நடிக்க வைக்க அவள் தந்தையோடு ஒப்பந்தம் போட்ட தயாரிப்பாளர், பிறகு அந்த வேடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். சிறுமி வழக்குப் போட்டாள், தோற்றாள். ஒப்பந்தம் அவளோடு என்றால் அவள் சிறுமி, செல்லாது. தந்தையோடு என்றால் அதற்குச் சட்டப்படியான கைம்மாறு (வாக்குறுதிக்குப் பதிலாகத் தரப்படும் பயன்) இல்லை, அப்போதும் செல்லாது என்றது நீதிமன்றம். ஆகவே "எங்கள் பெண்ணை நியாயமில்லாமல் எலிமினேட் செய்துவிட்டார்கள், திரும்பச் சேர்க்க உத்தரவிடுங்கள்" என்று ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போகாதீர்கள். அங்கே உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

இனி உங்கள் கையெழுத்துக்கு வருகிறேன். இத்தகைய தாள்களில் பெற்றோரின் கையெழுத்து பெரும்பாலும் இரண்டு இடங்களில் வாங்கப்பட்டிருக்கும்: ஒன்று காப்பாளர் என்ற முறையில், இன்னொன்று "ஏற்படும் நட்டத்தை நானே ஈடுசெய்வேன்" என்று தனி மனிதராக. உங்கள் பிரதியின் கடைசி நாலைந்து பக்கங்களைப் பாருங்கள். இரண்டாவது இருந்தால், உங்களுக்கு வயது 18 தாண்டிவிட்டதால், உங்கள் மேல் கோரிக்கை வைக்க அவர்களுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. பிரதியே கொடுக்கவில்லை என்றால் இன்றே எழுதிக் கேளுங்கள்.

வாசல் திறந்திருப்பதால் பத்து லட்சம் கிடைத்துவிடாது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-இன்படி தாளில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டும்தான். நீதிமன்றம் தருவது நியாயமான இழப்பீடு. நட்டம் ஏற்பட்டிருக்க வேண்டும் என்பது அடிப்படை என்று 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. இருபது குழந்தைகளில் ஒருத்தி தேர்வுக்காக விலகியதால் எத்தனை ரூபாய் போயிற்று என்று கணக்குக் காட்டுவது எந்தக் கம்பெனிக்கும் சுலபமில்லை. அந்த எண் பெற்றோரை மிரட்டத்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

நிகழ்ச்சி முடிந்த பிறகான மூன்று வருடத் தடை இன்னும் பலவீனமானது. ஒப்பந்தக் காலம் முடிந்தபின் ஒருவரின் தொழிலுக்குப் போடும் தடை பிரிவு 27-இன்படி செல்லாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானை அவருடைய பழைய மேலாண்மை நிறுவனம் கட்டிவைக்கப் பார்த்தபோது, 2006-இல் உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது. அவர் மேஜர், விவரம் தெரிந்து கையெழுத்திட்டவர். அவருக்கே அப்படி என்றால் ஏழாம் வகுப்புக் குழந்தைக்கு என்ன சொல்ல? "மூன்று வருடமும் ஒப்பந்தக் காலம்தான்" என்று சாமர்த்தியமாக எழுதியிருந்தாலும், அந்த வாதம் பெரியவர்களிடம் எடுபடலாம். உங்கள் மகளிடம் பிரிவு 11 குறுக்கே நிற்கும். முப்பது சதவீதத்துக்கும் இதே பதில்தான்.

கோயில் கச்சேரி விஷயத்தில் சட்டம் ஒன்று, நடைமுறை வேறு. சட்டப்படி அவள் பாடலாம். ஆனால் அவள் போட்டியில் நீடிக்கும்போதே அனுமதி இல்லாமல் பாடி, மறுநாள் அது யூடியூபில் வந்தால், அடுத்த சுற்றில் அவளை வெளியே அனுப்ப அவர்களுக்குத் தடையில்லை. "எந்தக் காரணமும் சொல்லாமல் நீக்கலாம்" என்று நிச்சயம் எழுதியிருப்பார்கள். போட்டியில் தொடர விரும்பினால் மின்னஞ்சலில் ஒரு தடையின்மைக் கடிதம் கேட்டு வாங்குங்கள். விலகிவிட்டால் யாரிடமும் கேட்க வேண்டாம், மாசியில் பாடட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது பத்து லட்சம் இல்லை, இரவு பன்னிரண்டு மணிதான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-இல் திருத்தியபோது, 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் ஈடுபடுத்தத் தடை விதித்து, குடும்பத் தொழிலில் உதவும் பிள்ளைகளுக்கும் கலைஞர்களுக்கும் மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். அதுவும் பள்ளிப் படிப்பு பாதிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. "இவர்கள் போட்டியாளர்கள், எங்கள் ஊழியர்கள் இல்லை" என்ற பேச்சு செட்டில் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். அந்தச் சட்டத்தின் விதிகளில் 2017-இல் சேர்த்த விதி 2-சி, ரியாலிட்டி ஷோ, திறமைப் போட்டி ஆகியவற்றைப் பெயர் சொல்லியே உள்ளே கொண்டுவந்துவிட்டது. எனவே அந்தப் பேச்சு எடுபடாது.

அந்த விதிப்படி ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் குழந்தையை வேலை வாங்கக் கூடாது. இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ச்சியாக 27 நாட்களுக்கு மேல் கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், படிவம் 'சி'-யில் உறுதிமொழி கொடுக்க வேண்டும். அந்த அனுமதி ஆறு மாதம்தான் செல்லும். ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளராவது இருக்க வேண்டும். குழந்தையின் விருப்பத்துக்கு மாறாகப் பங்கேற்க வைக்கவே கூடாது. அவள் ஈட்டும் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமய வங்கியில் அவள் பெயரில் நிரந்தர வைப்பாகப் போக வேண்டும். 18 வயதில்தான் அவள் கைக்கு வரும்.

காலை ஒன்பதிலிருந்து நள்ளிரவு வரை என்றால் பதினைந்து மணி நேரம். "அவ்வளவு நேரமும் பாடவில்லையே, கேரவனில் உட்கார்ந்திருந்தாள்" என்பார்கள். அதனால் இன்றே ஒரு நோட்டுப் போடுங்கள்: செட்டுக்குள் போன நேரம், மேக்கப், ரிகர்சல், எத்தனை டேக், சாப்பாடு, வெளியே வந்த நேரம். அழைப்பு நேரம் சொல்லி வந்த வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். செட் பூந்தமல்லிப் பக்கம் என்றால் அனுமதி திருவள்ளூர் ஆட்சியர் கொடுத்திருக்க வேண்டும், சென்னை அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, அந்த அனுமதி உத்தரவின் நகலைக் கேளுங்கள். அனுமதியே வாங்காமல் ஷூட்டிங் நடக்கிறது என்று தெரியவந்தால் பேச்சு வேறு தொனிக்கு மாறிவிடும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் பிரிவு 3-ஐ மீறினால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.20,000 முதல் ரூ.50,000 வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். பெற்றோருக்கு முதல் முறை தண்டனை இல்லை. தெரிந்தே மறுபடி அனுமதித்துக் குற்றம் நிரூபணமானால் ரூ.10,000 வரை அபராதம் உண்டு, அதையும் நினைவில் வையுங்கள். 14 வயது தாண்டிய பிள்ளைகளை வைத்திருக்கும் வாசகர்கள் கவனிக்கவும்: இந்த ஐந்து மணி நேர விதி அவர்களுக்காக எழுதப்பட்டது இல்லை.

புரோமோ விஷயத்தில் உங்களுக்கு நல்ல செய்தி குறைவு. பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 38-பி பாடகரின் நற்பெயரைக் காக்கிறது. ஆனால் அது பாட்டைச் சிதைத்தால்தான், கடையைக் காட்டினால் இல்லை. எடிட்டிங்குக்காக வெட்டுவதைக்கூட அந்தப் பிரிவு குறையாகக் கொள்ளாது. படமெடுக்க நீங்களே கதவைத் திறந்துவிட்டிருக்கிறீர்கள். இருந்தாலும் பள்ளியில் நடக்கும் கிண்டலைக் குறிப்பிட்டு, புரோமோவை நீக்கும்படி எழுதுங்கள். குழந்தை தொடர்பான புகார் எழுத்தில் வந்தால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். வராவிட்டால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது, 1098-க்கும் பேசலாம்.

நிகழ்ச்சியில் அவள் பாடிய காணொளி அவர்களுடையது. அதை இறக்கி உங்கள் சேனலில் ஏற்றாதீர்கள், பதிப்புரிமை மீறல் என்று யூடியூபிலிருந்து எச்சரிக்கை (ஸ்டிரைக்) வரும். பாடியவருக்கு வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு என்று பிரிவு 38-ஏ சொல்கிறது. போட்டி நிகழ்ச்சிக்காரர்கள் தாமாக முன்வந்து அதைக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

வீடு கிடைத்தால் அது மகளுக்குச் சொந்தம், பத்திரம் அவள் பெயரில்தான். அவள் மேஜராகும் முன் விற்கவோ அடமானம் வைக்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். மேடையில் சாவியைக் கொடுக்கும்போது சொல்லாத விஷயம் வரி. தொலைக்காட்சிப் போட்டிப் பரிசுக்கு அடுக்கு விகிதம் எதுவும் கிடையாது. நேரே 30 சதவீதம், அதன்மேல் செஸ் என்னும் கூடுதல் வரி. வீட்டின் மதிப்பு 50 லட்சம் என்று வையுங்கள், வரி 15 லட்சத்து 60 ஆயிரம். பரிசு பொருளாக இருந்தால் வரி கட்டியதை உறுதிசெய்த பிறகே ஒப்படைக்க வேண்டும். அதை யார் கட்டுவது என்று உங்கள் ஒப்பந்தத்தில் தேடுங்கள். "வெற்றியாளர்" என்றிருந்தால் சைக்கிள் கடை வருமானத்தில் அது மலை. பத்திரப் பதிவுச் செலவும் அப்படியே. மற்றபடி, திறமையால் அவள் ஈட்டும் வருமானம் பெற்றோர் வருமானத்தோடு சேராது. அவள் பெயரிலேயே பான் அட்டை எடுத்துத் தனியாகக் கணக்குக் காட்டலாம்.

ஜெயித்த பிறகு பரிசைக் கொடுக்காமல் இழுத்தடித்தால், ராஜ் ராணி வழக்கைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். சிறுவர் தம் பங்கை முழுக்கச் செய்து முடித்துவிட்டால் எதிர்த்தரப்பு தன் பங்கைச் செய்தாக வேண்டும் என்ற வழியில், 1916-இலேயே நம் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு ஒரு அடமான வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

விலகுவது என்று வீட்டில் முடிவானால், முதலில் மகளிடம் கேளுங்கள். அவளுக்குத் தொடர ஆசை என்றால், "ஐந்து மணி நேரம், தேர்வு நாட்களில் ஷூட்டிங் இல்லை" என்று எழுதிக் கேட்டுவிட்டுத் தொடரலாம். விலகத்தான் வேண்டும் என்றால் ஒரு பக்கக் கடிதம் போதும்: மகளின் வயது, அவளுடைய விருப்பமின்மை, தேர்வுத் தேதிகள், நேரக் குறிப்பின் சுருக்கம், இன்ன தேதி முதல் வர இயலாது. உங்கள் ஊர் தபால் நிலையத்தில் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்குப் பிறகு "நேரில் வாங்க, பேசிக்கலாம்" என்று போன் வந்தால், போனாலும் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்.

மும்பையிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போடாமல் உரிய காலத்துக்குள் பதில் கொடுங்கள். நீதிமன்றத்துக்கு வெளியே வழக்கைத் தீர்க்கும் நடுவர் விசாரணை (ஆர்பிட்ரேஷன்) என்று வந்து, நடுவரையும் கம்பெனியே நியமித்திருந்தால், அப்படி ஒரு தரப்பு மட்டும் நியமிப்பது செல்லாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதைப் பதிலிலேயே எழுதச் சொல்லுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. தஞ்சாவூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது 23 பக்கத்தையும் நேரக் குறிப்பு நோட்டையும் கையோடு கொண்டு போங்கள்.