கேத்திப் பூண்டும் மலை ரயிலும்

வணக்கம். லாரி வாடகை கட்டுப்படியாகவில்லை, நீலகிரியின் கேத்தியிலிருந்து சென்னைக்குப் பூண்டையும் கேரட்டையும் மலை ரயிலில் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வழியில்லை. 1908 இல் ஊட்டியை எட்டிய அந்தப் பாதை ஒருகாலத்தில் தேயிலையும் உருளைக்கிழங்கும் சுமந்தது. இன்று அது பயணிகளுக்கான ரயில் மட்டுமே.

காரணம் பாதையிலேயே இருக்கிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம். தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல் வரிசையை எஞ்சினின் பல்சக்கரத்தால் பற்றிக்கொண்டுதான் ஊர முடியும். போதாததற்கு இது மீட்டர் கேஜ். மேட்டுப்பாளையத்தில் ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி, அகலப்பாதை வண்டியில் மறுபடி ஏற்ற வேண்டும். தோட்டத்தில் ஏற்றி மண்டி வாசலில் இறக்கும் லாரியோடு இது எப்படிப் போட்டியிடும்? சமவெளிச் சரக்கு ரயிலோ 1980களிலிருந்து முழு ரேக்கையே, அதாவது ஒரு ரயிலின் மொத்த வேகன் தொடரையே, நாடுகிறது. அதை நிரப்ப 2,000 டன்னுக்கு மேல் வேண்டும். சிறு விவசாயியை ரயில் இப்படிக் கைவிட்டதில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு.

பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து ஒரே வண்டியில் பூண்டை மேட்டுப்பாளையத்துக்கு இறக்குங்கள். சென்னைக்குச் செல்லும் நீலகிரி எக்ஸ்பிரஸின் சரக்குப் பெட்டியில் இடம் கிடைக்குமா என்று அங்குள்ள ரயில் நிலையத்தில் விசாரியுங்கள். அந்த இடத்தை யாராவது குத்தகைக்கு எடுத்திருந்தால் அவரிடமே பேசுங்கள். இடத்துக்காகக் காத்திருக்க நேர்ந்தாலும் பூண்டு தாங்கும். கழுவிய கேரட் தாங்காது; அதை லாரியிலேயே அனுப்புங்கள்.