வாசகர் கேள்வி – பதில்: பழைய இன்ஜினில் பிஸ்டனும் பின்னும்

கேள்வி: ஃபோர்டு மாடல் டி காரின் இன்ஜினைப் பிரித்துப் புதிய பிஸ்டன் பின்கள் (பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் உருளைகள்) போடுகிறேன். இந்தப் பின், கட்டைவிரலால் அழுத்தினாலே உள்ளே போகிறது. சுத்தியலால் தட்டித்தான் இறக்க வேண்டும் என்கிறார் ஒரு மெக்கானிக். எது சரி?

பதில்: கட்டைவிரல்தான் சரி. 1908 முதல் 1927 வரை வந்த மாடல் டி இன்ஜினில், கனெக்டிங் ராடின் (பிஸ்டனைக் கிராங்க் தண்டுடன் இணைக்கும் கம்பியின்) மேல்முனை பின்னை போல்ட் கொண்டு இறுகப் பிடித்திருக்கும். அசைவு முழுவதும் பிஸ்டனில் பொருத்திய இரண்டு வெண்கலப் புஷ்களுக்குள்தான் (உள்ளுறை வளையங்களுக்குள்தான்) நடைபெறும். தட்டி இறக்கினால், பின் அந்தப் புஷ்களில் திரும்பாது; பிஸ்டன் சாய்ந்து நின்று சிலிண்டர் சுவரைக் கீறும்.

சோதிக்குமுன் பின்னையும் புஷ்களையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிடுங்கள். தேய்ந்துபோன பிஸ்டன் பின்னும்கூட எண்ணெய்ப் படலத்தால் இறுக்கமாக இருப்பதுபோல் ஏமாற்றும்; இதில் ஏமாறாதவர் குறைவு. கழுவிய பிறகு, பின் கட்டைவிரலுக்கு இணங்கி நகர வேண்டும், ஆனால் தன் எடையால் நழுவி விழக்கூடாது. முதல் புஷ்ஷில் எளிதாகச் சென்று இரண்டாவதில் முட்டினால், அளவில் குறையில்லை. புஷ்கள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று பொருள். இரண்டையும் தனித்தனியாக ரீமரால் (துளையைச் சரியான அளவுக்குச் செதுக்கும் கருவியால்) செதுக்கினால் வரும் பிழை இது. நீண்ட ரீமர் ஒன்றை இரண்டின் வழியாகவும் ஒரே ஓட்டத்தில் செலுத்த வேண்டும்.

பின்னை ராடில் பூட்டியபின், பிஸ்டனைக் கையில் பிடித்து ராடைக் கிடைமட்டமாக நிறுத்தி விடுங்கள். அது மெல்லச் சரிந்து இறங்கினால் நன்று. சடாரென விழுந்தால் தளர்வு, அப்படியே நின்றுவிட்டால் இறுக்கம். ராட் பக்கவாட்டில் சிறிது நகர்வது இயல்பே. அதைத் தளர்வென்று எண்ணிப் புஷ்ஷை மாற்றிவிடாதீர்கள்.

கேள்வி: சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியை எப்படிப் பார்ப்பது? அலுமினியப் பிஸ்டன் போடலாமா?

பதில்: ரிங்குகளைக் கழற்றிவிட்டு, பிஸ்டனைத் தலைகீழாகச் சிலிண்டருக்குள் இறக்குங்கள். பின்னுக்குக் குறுக்கான பக்கத்தில், உரிய தடிமனுள்ள அரை அங்குல அகலப் பீலர் கேஜ் பட்டையை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை) செருகி, சுருள்வில் தராசால் மேலே இழுங்கள். பொதுவாக 5 முதல் 10 பவுண்டு இழுவைக்குப் பட்டை வெளிவந்தால் பொருத்தம் சரி. மாடல் டியின் சிலிண்டர் துளை 3¾ அங்குலம், அதாவது சுமார் 95 மி.மீ. அந்த விட்டத்தில் 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால், வார்ப்பிரும்பு ஏறத்தாழ 0.10 மி.மீ.யும் அலுமினியம் 0.22 மி.மீ.யும் விரியும். அலுமினியம் போடலாம், ஆனால் இரும்புக்குரிய இடைவெளியை அதற்கு வைத்தால் சூட்டில் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த நிலையில் அதில் பின் நுழையாவிட்டால், பிஸ்டனை வெந்நீரில் வைத்து எடுத்துச் செருகுங்கள், அடிக்காதீர்கள்.

கேள்வி: இன்ஜினைப் பிரிக்காமலே பிஸ்டன் பின்னின் ஓசையைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். இன்ஜின் மெதுவாக ஓடும்போது, காயில் பெட்டியில் சிலிண்டருக்கு ஒன்றாகத் தீப்பொறி தரும் நான்கு அதிர்வான்களையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள். எதை அழுத்தும்போது ஓசை மாறுகிறதோ, குறை அந்தச் சிலிண்டரில். குளிரில் மிகுந்து சூடேறக் குறைந்தால், அது பெரும்பாலும் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதும் ஓசை. பிளக் துளைவழியே ஒரு கரண்டி தடித்த எண்ணெய் ஊற்றினால் சிறிது நேரம் அடங்கும். அடங்காவிட்டால், பிஸ்டனை எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி, முதல் பதிலில் கூறிய சோதனையைச் செய்யுங்கள்.