விழுந்த மரத்தை செயின்சாவை வைத்து வீட்டிலேயே பலகையாக அறுக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் நாலு வரிதான் எழுதியிருக்கிறார். கொல்லையில் ஒரு மரம் சாய்ந்துவிட்டது, மரவாடியில் அறுத்துத் தர மாட்டேன் என்கிறார்கள், செயின்சாவில் ஒரு ஃப்ரேம் மாட்டி வெளிநாட்டுக்காரர்கள் பலகை அறுக்கும் வீடியோ பார்த்தேன், நம் ஊரில் இது நடக்குமா என்று.

நடக்கும். நான் அறுத்திருக்கிறேன். காசு மிச்சமாகுமா என்றால் ஆகாது. பதில் இவ்வளவுதான், அவசரமாகப் போகிறவர்கள் போகலாம். மீதி எல்லாம் என் புலம்பல்.

எங்களுக்கு ஆலங்குடிப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறி எங்கள் ஊர் வழியாகத்தான் போனது. தென்னை போன கதை எல்லாருக்கும் தெரியும். ஒரு மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அதில் 500 விழுந்த மரத்தை வெட்டி அகற்றும் கூலி. எங்கள் வீட்டுக் கொல்லையில் தென்னைகளோடு அப்பாயி (அப்பாவின் அம்மா) வைத்த பலாவும் வேரோடு சாய்ந்தது. கணக்கெடுக்க வந்தவர் தென்னையை மட்டும் எண்ணினார். பலாவைக் காட்டியதற்கு, "அது தனி மரம்ங்க, தோப்பு இல்லையே" என்றார். சரி, அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் கையில் இருந்த படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. ஆனால் எனக்கு அன்றைக்கே வைராக்கியம் ஏறிவிட்டது.

அடுத்து வியாபாரி வந்தார். ஊரெல்லாம் மரம் கிடந்த நேரம், அவர் சொன்னதுதான் விலை. மொத்த பலாவுக்கும் விறகுக் கணக்கில் ஒரு தொகை சொன்னார். அதை இங்கே எழுதக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. தஞ்சாவூர் வீணைக்கு எந்த மரம்? பலா. ஒரே கட்டையில் குடைந்து செய்யும் ஏகாண்ட வீணை என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் பலாதான். அந்த மரத்தைச் செங்கல் சூளைக்குப் போட ஏற்றிப் போகிறேன் என்கிறார். (எங்கள் மரம் வீணைக்கு ஆகும் என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பார்க்கிற கண்ணே வேறு. வீணைக்காரர்கள் யாராவது கீழே வந்து திட்ட வேண்டாம்.)

மரவாடிக்காரர் மறுத்ததில் மட்டும் நியாயம் இருந்தது. வீட்டுக் கொல்லை மரம் என்றாலே அவர்கள் ஒதுங்குவார்கள். துணிக்கொடி ஆணி, மாட்டுக்கயிறு வளையம், என்றைக்கோ கட்டிய கம்பி என்று உள்ளே எது இருக்கும் என்று தெரியாது. மில்லில் ஓடும் பேண்ட்சாவின் (பட்டை ரம்பம்) பிளேடு இரும்பில் மோதினால் அன்றைக்கு அவர் வேலை போச்சு. "தம்பி, உள்ள இரும்பு இருக்கும்ப்பா. வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வீடியோவில் பார்த்த ஃப்ரேம் பெரிய மர்மம் இல்லை. செயின்சா பாரின் (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு) இரண்டு முனையையும் கவ்விப் பிடிக்கும் இரும்புச் சட்டம், அதற்கு மேலே இணையாக ஓடும் இரண்டு தண்டு. தண்டு மரத்தின் மேல் முகத்தில் படிந்து நகரும், பார் அதற்குக் கீழே நீங்கள் வைத்த கனத்தில் அறுத்துக்கொண்டே வரும். வெல்டிங் பட்டறையில் படத்தைக் காட்டிச் செய்து வாங்கினேன். கவனிக்க வேண்டியது, கவ்விகள் பாரின் நீளத்தில் நாலைந்து அங்குலத்தைத் தின்றுவிடும். 25 அங்குல பாரில் 20 அங்குல மரம்தான் அறுக்கலாம்.

மெஷினில்தான் நான் தோற்றேன். முதலில் ஆன்லைனில் மலிவாக வரும் 58 சிசி ஒன்றை வாங்கினேன். விறகு துண்டு போடுவதற்கு அது போதும். நீளவாக்கில் அறுப்பது வேறு வேலை, பத்துப் பதினைந்து நிமிடம் முழு ஆக்சிலேட்டரில் மூச்சு விடாமல் ஓட வேண்டும். இரண்டாவது அறுப்பில் பாதி தூரம் போனபோது கீச்சென்று ஒரு சத்தம், அப்படியே நின்றுவிட்டது. பிஸ்டன் பிடித்துக்கொண்டது. விற்றவரிடம் கேட்டால் பெட்ரோலில் கலந்த ஆயில் குறைவு என்றார். நான் லிட்டருக்கு அளந்து ஊற்றியவன். யாரிடம் போய்ச் சொல்வது? பிறகு தெரிந்தவர் ஒருவரிடம் 72 சிசி மெஷினை மூன்று நாள் வாடகைக்கு எடுத்தேன். அதில் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில் போடு என்றுதான் புத்தகத்தில் இருந்தது. பயந்துபோய் 25 போட்டேன். புகை கொஞ்சம் கூட வந்தது, மெஷின் பிழைத்தது. 70 சிசிக்குக் கீழே எதையும் இந்த வேலைக்கு நம்பாதீர்கள். முடியும் என்று சொல்பவர்கள் பைன் மரம் அறுக்கிறவர்கள். நம் பலா, வேம்பு, பூவரசுக்கு அந்தக் கணக்கு செல்லாது.

சங்கிலி. கடையில் தருவது குறுக்கே அறுப்பதற்கு, பல்லின் சாய்வு 30 டிகிரி இருக்கும். நீளவாக்கில் அறுக்க 10 டிகிரி வேண்டும். அப்படித் தீட்டிய சங்கிலி எங்கள் பக்கம் கேட்டால் கிடைக்காது. உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாக அரத்தால் நானே ராவினேன். சாயங்காலம் முழுக்கப் போனது. ஆனால் வித்தியாசம் உடனே தெரியும். பழைய பல்லில் மாவு மாதிரி தூள் வந்து மெஷின் திணறியது. புதிதாக ராவிய பிறகு நார் நாராகச் சீவி விழுந்தது. தூள் மாவாக வந்தால் நிறுத்தி ராவுங்கள், தள்ளாதீர்கள்.

முதல் அறுப்புக்கு ஃப்ரேம் படிய மட்டமான முகம் கிடையாது, உருண்டைதானே. அதனால் அலுமினிய ஏணியை மரத்தின் மேல் படுக்க வைத்து, ரசமட்டம் பார்த்து, திருகாணி போட்டு, அதன் மேல் ஓட்ட வேண்டும். நான் இரண்டு தலைப்பில் மட்டும் முடுக்கிவிட்டு நடுவில் சக்கை (முட்டுக்கு வைக்கும் மரத்துண்டு) கொடுக்க மறந்தேன். ஏணி நடுவில் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) தொய்ந்தது. அந்த ஒரு நூல் கோணல் கடைசிப் பலகை வரைக்கும் என்னோடு வந்தது. ஏனென்றால் ஒவ்வொரு அறுப்பும் அதற்கு முந்தையதன் மேல்தான் ஓடுகிறது.

சேதாரம் கேளுங்கள். அடிமரம் கவட்டை வரை எட்டு அடி, சுற்றளவு 54 அங்குலம். மரவாடிக் கணக்கில் சுற்றளவில் நாலில் ஒரு பங்கை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி 144-ஆல் வகுத்தால் பத்து கன அடி சொச்சம். (உண்மையில் அந்த உருண்டையில் பதின்மூன்று கன அடி மரம் இருக்கிறது. மிச்சம் கழிவு என்று ஆதியிலிருந்தே கழித்துத்தான் கணக்கு.) ஒன்றரை அங்குலக் கனத்தில் ஏழு பலகை எடுத்தேன், அதற்கு எட்டு அறுப்பு. பேண்ட்சா ஒரு அறுப்புக்கு ஒரு நூலுக்கும் குறைவாகத் தின்னும். செயின்சா மூன்று நூல் தின்னும். எட்டு அறுப்புக்கு இருபத்து நாலு நூல், முழுசாக மூன்று அங்குலம். அதாவது இரண்டு பலகை தூளாகவே போனது. கொல்லை முழுக்க மஞ்சள் மஞ்சளாகத் தூள், மழை பெய்தபோது தண்ணீரே மஞ்சளாக ஓடியது. புத்த பிக்குகளின் துணிக்கு இந்தச் சாயத்தைத்தான் பிழிவார்களாம். என் வேட்டியில் ஒட்டியதைப் பார்த்த பிறகு நம்பினேன்.

ஐந்தாவது அறுப்பு. மூன்றடி போயிருக்கும், திடீரென்று தீப்பொறி. நிறுத்திவிட்டு ஆப்பு வைத்துத் தூக்கிப் பார்த்தால் மரத்துக்குள் நாலு விரற்கடை ஆழத்தில் ஒரு ஆணி. சாதாரண ஆணி இல்லை, தலை தட்டையான பழங்காலத்துப் பட்டறை ஆணி. சுற்றிலும் மரம் கறுத்துப் போயிருந்தது. அடுத்த ஒரு சாணில் இன்னொன்று. மொத்தம் ஐந்து, எல்லாம் ஒரே உயரத்தில், மரத்தைச் சுற்றி. அம்மாதான் அடையாளம் சொன்னார். மரம் ரொம்ப நாள் காய்க்கவே இல்லையாம். காய்க்காத பலாவுக்கு ஆணி அடித்தால் காய்க்கும் என்று அப்பாயி கொல்லரிடம் சொல்லிச் செய்து அடித்ததாம். அடுத்த வருஷம் காய்த்ததா என்று கேட்டேன். "காய்க்காமலா நீ தின்ன?" என்றார். சங்கிலியில் பதினோரு பல் மொண்ணை. ஆணியைக் குடைந்து எடுத்து, மறுபடி உட்கார்ந்து ராவினேன். அந்த ஆணிகளில் இரண்டு இன்னும் அலமாரியில் இருக்கின்றன.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நான் முதல் நாள் லுங்கியோடு நின்று அறுத்தேன், அது முட்டாள்தனம். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க், காலுக்கு ஷூ இல்லாமல் இறங்காதீர்கள். குனிந்தே தள்ளுவதால் புகை நேராக முகத்துக்கு வரும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து மரத்தைப் போடுங்கள். தலைப்பக்கம் கொஞ்சம் மேடாக இருந்தால் மெஷின் தன் கனத்திலேயே இறங்கி வரும், இடுப்பு பிழைக்கும். எனக்கு மூன்று நாளும் இரவில் கை மரத்துப்போய் சோற்றைப் பிசைய முடியவில்லை.

சட்டம் பேச வருவார்கள் என்று தெரியும். நான் வக்கீல் இல்லை. என் வீட்டு மரம், என் கொல்லையில், என் உபயோகத்துக்கு அறுத்தேன். ஊரார் மரத்தைக் கூலிக்கு அறுக்க ஆரம்பித்தால் அது அறுவை மில். அதற்கு உரிமம் வேண்டும், 2002-இல் உச்ச நீதிமன்றமே உரிமம் இல்லாத மில்களை மூடச் சொல்லியிருக்கிறது. விழுந்தது தேக்கோ ஈட்டியோ சந்தனமோ என்றால் வனத்துறையில் கேட்காமல் கத்தியே வைக்காதீர்கள்.

அறுத்தது பாதி வேலைதான். பலகையை நிழலில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டு கொடுத்து, மேலே கல் ஏற்றி வைக்க வேண்டும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பார்கள். தலைப்பு சீக்கிரம் காய்ந்து வெடிக்கும், அதனால் அங்கே பெயிண்ட் பூச வேண்டும். அந்தக் காலத்தில் சாணமும் செம்மண்ணும் அப்புவார்கள். நான் ஆறு பலகைக்குப் பழைய பெயிண்ட் பூசிவிட்டு, டப்பா தீர்ந்ததால் ஏழாவதை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். அது ஒன்றரை அடிக்கு வாய் பிளந்தது. மரத்தின் நடுப்புள்ளி ஓடுகிற பலகை எப்படியும் வெடிக்கும், அதை நம்பி எதையும் யோசிக்காதீர்கள். ஓரத்து வெள்ளை மரத்தைச் செதுக்கி எறிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் உளுத்துப் போகும்.

இதற்கு நடுவில் என் அண்ணன். சென்னையில் இருக்கிறார். மரம் விழுந்த அன்று போனில் "யாராச்சும் வந்தா சும்மா குடுத்து அனுப்புடா, கொல்லை சுத்தமாகட்டும்" என்றவர். பலகை காய்ந்து, 2020 ஊரடங்கில் வேலையில்லாமல் இருந்த ஆசாரி ஒருவர் வந்து இழைக்க ஆரம்பித்து, நான் குடும்ப வாட்ஸ்அப்பில் படம் போட்ட அன்று, "டேய், அப்பாயி வச்ச மரம், எனக்கும் பாதி உண்டுல்ல?" என்றார். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் மூன்று நாள் புகையைக் குடித்தவன் நான், ஒன்றரை வருஷம் மழைக்கு முன்னால் ஓடி ஓடித் தார்ப்பாய் மூடியவள் என் மனைவி. அண்ணி தங்கமானவர், அவருக்காக ஒரு பலகை அனுப்பினேன். அதில் பூஜை அலமாரி செய்கிறேன் என்றார்கள். போன தடவை போனபோது பார்த்தேன். பால்கனியில் செடித் தொட்டிக்கு அடியில் கிடக்கிறது, தண்ணீர் ஊறி.

ஆசாரிக்கு எழுபதுக்கு மேல் வயது. பள்ளம் தோண்டி, ஒருவர் மேலே ஒருவர் கீழே நின்று வாள் இழுத்த காலத்தில் அவர் கீழே நின்றவராம். என் பலகைகளை வரிசையாக நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "நடுவுல வயிறு இருக்கே தம்பி" என்றார். அந்த ஏணிக் கோணல்தான். ஒன்றும் சொல்லாமல் இழைப்புளியை எடுத்தார். அகலமான பலகையில் ஐந்தரை அடிக்கு ஊஞ்சல் வந்தது. மீதியில் ஒரு பெஞ்சும் இரண்டு மணையும். ஊஞ்சலில் ஒரு இடத்தில் ஆணி இருந்த கறுப்பு வட்டம் அப்படியே தெரிகிறது, அடைத்துவிடவா என்று ஆசாரி கேட்டார். வேண்டாம் என்றேன்.

பெட்ரோல், வாடகை, போன மெஷின், ஆசாரி கூலி எல்லாம் சேர்த்தால் கடையில் இதைவிடப் பெரிய ஊஞ்சலே வாங்கியிருக்கலாம். கணக்குப் பார்ப்பவர்கள் அங்கேயே போகலாம்.

பின்சேர்க்கை: ராவுவதற்கு எந்த அரம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பாரில் அல்லது சங்கிலி அட்டையில் 3/8 என்று போட்டிருந்தால் 5.5 மி.மீ. உருண்டை அரம், சில கம்பெனிச் சங்கிலிக்கு 5.2. மலிவு மெஷினோடு வருகிற .325 சங்கிலி என்றால் 4.8. கடையில் எதைக் கேட்டாலும் கையில் இருப்பதைத் தருவார்கள், அரத்தின் அடியில் எண் இருக்கும், பார்த்து வாங்குங்கள்.