பிளாக்லெட்டர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓர் ஆங்கில நூலின் அட்டைத் தலைப்பை பிளாக்லெட்டரில் (இடைக்கால ஐரோப்பியக் கையெழுத்துப் பாணியில் அமைந்த, தடித்த கோணல் எழுத்துரு), முழுக்கப் பெரிய எழுத்துகளாக (கேப்பிட்டல்) அமைத்தேன். யாராலும் வாசிக்க முடியவில்லை. ‘இது நாஜிகளின் எழுத்து, வேண்டாம்’ என்று நண்பர் வேறு சொல்கிறார். கைவிட்டுவிடலாமா?

கே.

அன்புள்ள கே,

எழுத்துருவைக் கைவிடாதீர்கள். பெரிய எழுத்துகளை மட்டும் விட்டுவிடுங்கள்.

பிளாக்லெட்டர் அகன்ற முனைப் பேனாவில் பிறந்தது. பேனாவைச் சாய்த்துப் பிடித்துக் கீழே இழுத்தால் தடித்த கோடு விழும். வளைய வேண்டிய இடத்தில் முறிந்து திரும்பும். அதன் டெக்ஸ்சுரா என்ற வகையில் கோட்டின் தடிமனும் கோடுகளுக்கு நடுவே உள்ள வெண்மையும் ஏறத்தாழ ஒரே அளவு. 1455 வாக்கில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் அச்சிட்ட பைபிளின் பக்கம் அவ்வளவு சீராகத் தெரிவதற்கு இதுவே காரணம். அந்த அழகுக்கு ஒரு விலையும் உண்டு. ஐ (i), என் (n), எம் (m), யு (u) எல்லாமே ஒரே மாதிரிக் கோடுகள் என்பதால், அவை அடுத்தடுத்து வந்தால் சொல் வேலிக்கம்பிகள்போல ஆகிவிடும். ஐ எழுத்தை அடையாளம் காட்டவே பிரதி எழுதியவர்கள் அதன்மேல் சிறு குறி இட்டார்கள்.

பெரிய எழுத்துகளின் கதை வேறு. சொல்லின் தொடக்கத்தில் தனியாக நிற்பதற்காக, உட்கோடும் சுழிப்புமாக வரையப்பட்டவை அவை. வரிசையாக நிறுத்தினால் ஒன்றையொன்று மறைக்கும். எனவே முதலெழுத்து மட்டும் பெரியதாக இருக்கட்டும். எழுத்திடைவெளியையும் அகலப்படுத்தாதீர்கள்; உள்ளே இருக்கும் வெண்மைக்கும் வெளியே இருக்கும் வெண்மைக்கும் உள்ள பொருத்தம் கெட்டுவிடும். (ஜெர்மன் அச்சுக்கோப்பவர்கள் ஒரு சொல்லை அழுத்திக் காட்ட அப்படிச் செய்ததுண்டு. அது உள்பக்க வழக்கம், தலைப்புக்கு ஆகாது.)

நண்பரின் அச்சத்தை நான் தள்ளிவிட மாட்டேன். நாஜி ஆட்சி தொடக்கத்தில் இந்த எழுத்தைக் கொண்டாடியது உண்மை. ஆனால் 1941 ஜனவரி 3 அன்று நாஜிக் கட்சியின் முக்கியப் பொறுப்பாளர் மார்ட்டின் போர்மன் கையெழுத்திட்ட சுற்றறிக்கை, இதை ‘யூத எழுத்து’ என்று பொய்யாகப் பழித்து விலக்கியது. அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் ஜெர்மனில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு (1522) ஸ்வாபாகர் என்ற பிளாக்லெட்டர் வகையில் வந்துவிட்டது. இன்றும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முகப்பில் உள்ள பெயர் பிளாக்லெட்டர்தான். பன்னிரண்டு ஆண்டு ஆட்சிக்கு இத்தனை நூற்றாண்டுகளை எழுதிக்கொடுக்க எனக்கு மனமில்லை. அதே சமயம் டானன்பெர்க் போன்ற 1930களின் விறைப்பான, அலங்காரம் நீக்கிய எழுத்துருக்களை நானும் தொடமாட்டேன். அவற்றில் அந்தக் காலம் அப்படியே படிந்திருக்கிறது.

உங்கள் அட்டைக்கு அமெரிக்க எழுத்துரு வடிவமைப்பாளர் ஃபிரெடரிக் கௌடியின் கௌடி டெக்ஸ்ட் என்ற பிளாக்லெட்டர் (1928) பொருந்தும். தலைப்பு நீளமானால் முதன்மைச் சொல்லை மட்டும் அதில் வைத்து, மற்றதையும் ஆசிரியர் பெயரையும் எளிய ரோமன் எழுத்தில் (வழக்கமான ஆங்கில நூல்களில் காணும் நேர் எழுத்து) அமையுங்கள்.